பச்சைச்சட்டைக்காரர் சேர்த்த முதல் ஆள்

இந்தத் தடவை ஒரே ஒரு ஆளையாவது விவசாயப் படிப்பில் சேர்க்காமல் ஓய்வதில்லை என்று பச்சைச்சட்டைக்காரர் சபதம் செய்தார். செய்த இடம் குளியலறை. கேட்டுக்கொண்டிருந்தது ஒழுகும் குழாய் ஒன்றுதான். அதுவும் "த்சொ... த்சொ..." என்று உச்சுக்கொட்டியது.

அவருக்கு வேலை, ஒரு வேளாண் பயிற்சி நிலையத்தின் நகர அலுவலகத்தில். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, "வாங்க, நிலத்துல ஒரு வாழ்க்கை இருக்கு" என்று பேசி, படிப்பில் சேர்த்துவிட வேண்டும். நிலையம் கொடுத்த பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அதைப் பேச வேண்டும். அதனால் தெருவிலும் பஸ்ஸிலும் எல்லாருக்கும் அவர் பச்சைச்சட்டைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் வாங்குகிற அன்றைக்கு மட்டும் வெளியே வந்து, வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

பேச்சு என்னவோ பிரமாதமாகத்தான் இருக்கும். கேட்கத்தான் ஆள் இருக்காது.

வேலைவாய்ப்புக் கண்காட்சிகளில் அவருக்கு எப்போதும் மூலை மேசை. ஒரு பக்கம் கம்ப்யூட்டர் படிப்பு, மறுபக்கம் விமானப் பணிப்பெண் பயிற்சி. இரண்டு பக்கமும் திருவிழாக் கூட்டம். நடுவில் இவர், இரண்டு தட்டு மிளகாய் நாற்று, ஒரு நாற்காலி. எதிரே இன்னொரு நாற்காலி, காலியாக. யாராவது ஒரு பையன் இவரை நோக்கி வேகமாக வருவான். இவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பார்.

"அங்கிள், பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"நேரா போய் இடது பக்கம்பா."

அந்த நகரத்து இளைஞர்களில் பாதிப் பேருக்கு வழிகாட்டியவர் அவர்தான். வழிதான் பாத்ரூமுக்குப் போனது.

தப்பித் தவறி ஒரு பிள்ளை நாற்றைத் தொட்டுப் பார்த்தால் பின்னாலேயே தகப்பனார் ஓடி வருவார். "சார், உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாதுன்னு சொல்லிச் சொல்லியே எங்கப்பா என்னை ஆபீஸ்ல உக்கார வெச்சாரு. அவர் கஷ்டப்பட்டு வெளிய இழுத்தாரு. நீங்க திரும்ப உள்ள தள்றீங்களே, இது நியாயமா?"

"இப்ப அப்படி இல்லைங்க. விதை ஆராய்ச்சி இருக்கு, மண் பரிசோதனை இருக்கு, பசுமைக்குடில்..."

அதற்குள் தகப்பனாரும் பிள்ளையும் கம்ப்யூட்டர் பக்கம் கரையேறியிருப்பார்கள். மீதிப் பேச்சை மிளகாய் நாற்று கேட்டுக்கொள்ளும்.

கடைசியில் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தத் தடவையும் யாரும் சேரலைன்னா உங்க பிரிவை மூடிடப் போறோம். உங்களை விதைக் கிடங்குக்கு மாத்திடுவேன்."

"அங்க எனக்கு என்ன சார் வேலை?"

"மூட்டைங்களைப் பாத்துக்கணும். பேச வேண்டியதில்ல. மூட்டைங்க கேக்காது."

"இங்கயும் அப்படித்தானே சார் இருக்கு" என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். அதற்கு மறுநாள் காலையில்தான் குளியலறைச் சபதம்.

வீட்டில் அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். ஒரே மகள், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது வீட்டின் சத்தத்தையும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள் போலிருக்கிறது. பச்சைச்சட்டைக்காரர் சாயங்காலம் வந்ததும், "பேசிப் பேசி வாய் வலிக்குது" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் புகுந்துகொள்வார். பேப்பர் வாசலில் காவல் நிற்கும். மனைவி சாப்பாட்டை வைப்பாள். தட்டு நகரும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் உரையாடல். அவள் மிக்ஸியோடு பேசுவதை அக்கம்பக்கத்தில் சிலர் கேட்டிருக்கிறார்கள். அது பதிலுக்குக் கத்தவாவது செய்யும்.

ரொட்டிக் கடை ஒன்றின் வாசலில் நின்றபோதுதான் பச்சைச்சட்டைக்காரருக்கு யோசனை உதித்தது. ஒரே மாதிரி இரண்டு கடை. ஒன்றில் ஈ ஓட்டுகிறார்கள், ஒன்றில் கூட்டம் முண்டியடிக்கிறது. ஏன்? கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தான் கூட்டம் வரும். தன் மேசைக்கு எதிரே ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து ஆர்வமாகக் கேட்பதுபோல் இருந்தால் போதும், மற்றவர்கள் தானாக வருவார்கள். அந்த ஒரே ஒரு ஆளுக்கு எங்கே போவது? வீட்டில்தான் ஒன்று சும்மா இருக்கிறதே!

அன்று பேப்பரைத் தொடவில்லை. நேரே சமையலறைக்குப் போனார். மனைவி பயந்துபோனாள்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"நாளைக்கு நீ என்கூட வெளிய வரணும்."

"எந்த டாக்டர்கிட்ட?"

கடைசியாக அவளை அவர் வெளியே அழைத்துப் போனது கண் பரிசோதனைக்கு.

"டாக்டர் இல்ல. கண்காட்சிக்கு. என் மேசைக்கு எதிர்ல உக்காந்து விவசாயப் படிப்பைப் பத்தி என்னைக் கேள்வி கேக்கணும். சேரப் போற ஆள் மாதிரி. என்ன கேக்கணும்னு நானே சொல்லித் தர்றேன். முக்கியமா ஒண்ணு. நீ என் பொண்டாட்டின்னு யாருக்கும் தெரியக் கூடாது."

"இப்ப மட்டும் யாருக்குத் தெரியுது?" என்றாள் அவள், பாத்திரத்தை அலசிக்கொண்டே.

பச்சைச்சட்டைக்காரர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அவருக்கு எதையும் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் திறமை உண்டு.

மறுநாள் கண்காட்சியில் கூட்டம் நெருக்கும் நேரமாகப் பார்த்து அவள் வந்தாள். மகள் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த நல்ல புடவை. இவர் எழுந்து கைகூப்பினார்.

"வாங்கம்மா, வாங்க. உக்காருங்க."

அந்த "வாங்க"வில் அவள் ஒரு கணம் திகைத்துத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாருமில்லை. தன்னைத்தான் என்று தெரிந்ததும் மெதுவாக உட்கார்ந்தாள்.

"இந்தப் படிப்புல எதிர்காலம் இருக்கா சார்?" அவர் சொல்லிக்கொடுத்த கேள்விதான்.

இவர் ஆரம்பித்தார். எத்தனையோ நாள் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசிய பேச்சு, இன்றைக்கு எதிரே இரண்டு கண் கிடைத்ததும் மடை திறந்துகொண்டது. வேலை என்றால் ஏர் பிடிப்பது மட்டுமில்லை என்றார். விதையைத் தேர்ந்தெடுக்க ஆள் வேண்டும், நோயைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும், விளைந்ததைக் கெடாமல் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும் என்றார். விவசாயம் பார்க்கிறவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, அவர்கள் இடத்துக்குப் புதுசாக யாரும் வரவில்லை, நாளைக்கு எல்லாரும் செல்போனையா கடித்துத் தின்ன முடியும் என்றார். பக்கத்து மேசையில் நின்ற இரண்டு பிள்ளைகள் சிரித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அவர் சொல்லிக்கொடுத்த கேள்விகள் தீர்ந்தன. அவள் நிறுத்தவில்லை.

"எனக்கு வயசாயிடுச்சே சார். என்னைச் சேத்துப்பீங்களா?"

இது பாடத்தில் இல்லாத கேள்வி. ஆனால் கூட்டம் பார்க்கிறதே! "மண்ணுக்கு வயசு தெரியாதும்மா. எங்க படிப்புக்கும் தெரியாது. வர மனசிருந்தா போதும்."

"வீட்ல தனியா இருந்து பழகினவங்களுக்கு இது சரிப்படுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு குரல் தானாகத் தணிந்தது.

"தனியா இருக்கிறவங்களுக்குத்தாம்மா இது. ஒரு நாத்தங்காலை ராத்திரி விட்டுட்டுப் போறீங்க. காலையில வந்து பாத்தா, நேத்து இல்லாத ஒரு இலை நிக்கும். நீங்க வருவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி. நம்ம வரவுக்காக ஒண்ணு காத்திருக்குன்னு தெரிஞ்சா, மனுஷனுக்கு எழுந்திரிக்கறது சுலபம்."

தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். மேசையைச் சுற்றி இப்போது கூட்டம் அடர்ந்திருந்தது. ஒரு பெண், "விடுதி உண்டா சார்?" என்றாள். ஒரு பையன், "படிச்சிட்டு சொந்தமா பண்ணலாமா?" என்றான். யாரும் பாத்ரூம் கேட்கவில்லை.

மனைவி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

போட்டாள். அவளுக்குப் பின்னால் சில பிள்ளைகளும் போட்டார்கள். பச்சைச்சட்டைக்காரருக்குத் தலை கூரையில் முட்டியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் கைகொட்டினார். "என்னமா நடிச்ச! அந்த வயசுக் கேள்வி இருக்கே, அற்புதம். சரி, நாளைக்கு ஆபீஸ்ல உன் விண்ணப்பத்தை மட்டும் தனியா எடுத்துக் கிழிச்சிடறேன்."

"ஏன் கிழிக்கணும்?"

"நடிப்புதானே?"

"நடிச்சது நீங்க. நான் சேர்ந்துட்டேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு நடுவழியில் நின்று, எப்படி வீடு திரும்புவதென்று தெரியாமல் முழித்தது.

"என்ன விளையாடறியா? வெயிலு, சேறு, புழு, பூச்சி!"

"பசுமைக்குடில்ல நிழல் உண்டுன்னு சொன்னீங்க."

"அங்கயே தங்கணும். ஒரு வருஷம்!"

"காத்தோட்டமான ரூம்னு சொன்னீங்க."

"உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாதுடி!"

"அந்தப் பழமொழி சொல்றவங்களை நம்பாதீங்கன்னு சொன்னீங்க. கூட்டத்துல எல்லாரும் கைதட்டினாங்க."

ஊருக்குச் சொல்லும் உபதேசத்தை வீட்டிலும் கேட்டு வைப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. கடைசி அஸ்திரமாக மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மாவுக்குப் புத்தி சொல்லு" என்றார்.

"சொல்லிட்டேன்ப்பா. குளிருக்கு ஒரு போர்வை எடுத்துட்டுப் போகச் சொன்னேன்" என்றாள் மகள்.

ஆபீஸில் நிலைமை அதைவிட மோசம். இயக்குநர் விண்ணப்பத்தில் கணவர் பெயரைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொந்த வீட்டுல இருந்தே ஒரு ஆளா! இப்படி நம்பிக்கை உள்ள அதிகாரியை நான் பாத்ததே இல்ல. இனிமே எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இதைத்தான் சொல்லப் போறேன்." விதைக் கிடங்கு பேச்சே எடுக்கவில்லை. அன்றைக்கு அவர் விதைக் கிடங்குக்கே சந்தோஷமாகப் போயிருப்பார்.

அவள் ஒரு பெட்டியோடும் ஒரு போர்வையோடும் பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாக, "காஸ் மூட மறக்காதீங்க" என்றாள். பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த வீடு எவ்வளவு பெரியது என்று பச்சைச்சட்டைக்காரருக்குத் தெரிந்தது. சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் இவ்வளவு தூரமா? முதல் நாள் வந்ததும் பழக்கதோஷத்தில், "பேசிப் பேசி வாய் வலிக்குது" என்றார். யாரும் மறுக்கவில்லை. பேப்பருக்குள் புகுந்தார். ஒளிந்துகொள்வதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. தேடுவதற்கு ஆளில்லாத வீட்டில் எவன் கண்ணாமூச்சி ஆடுவான்? பேப்பரை மடித்து வைத்துவிட்டு ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டார். மிக்ஸியைப் பார்த்தார். சும்மா ஒரு தரம் போட்டுப் பார்த்தார். கத்தியது. நிறுத்தினார். நிறுத்தியதும் முன்னைவிட அமைதியாக இருந்தது.

அவள் அங்கே களை எடுக்கப் போனாள். இங்கே வீட்டின் களை போய்விட்டது.

எதிர் வீட்டுப் பல் டாக்டர் ஒருநாள் வாசலில் மறித்தார். "சார், உங்க பேச்சை எல்லாம் ஊருக்கு வெளிய வெச்சுக்கக் கூடாதா? உங்க வீட்டம்மா போன்ல ஏதோ சொல்லியிருக்காங்க. எங்க வீட்ல அடுத்த வருஷம் தேனீ வளர்ப்பு படிக்கப் போறாளாம்."

"நல்லதுதானே டாக்டர்."

"நல்லதா? எனக்குத் தேனீன்னாலே பயம் சார்!" பல்லைப் பிடுங்குகிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

இனி பொறுப்பதில்லை என்று பச்சைச்சட்டைக்காரர் இரண்டாவது திட்டம் போட்டார். அது முதல் திட்டத்தைவிடப் பிரமாதமானது. அவள் படிக்கிற நிலையத்துப் பண்ணையை நடத்துகிற மேனேஜரம்மாவுக்குப் போன் செய்தார். அந்த அம்மாள் தூரத்துப் பழக்கம். அலுவலகக் கூட்டங்களில் பார்த்ததுண்டு.

"மேடம், ஒரு சின்ன உதவி. எங்க வீட்ல அங்க படிக்கிறாங்க இல்ல? அவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமான வேலையா பாத்துக் குடுங்க. எருக்குழி, சேறு, இந்த மாதிரி."

"ஏன் சார், நல்லாக் கத்துக்கணும்னா?"

"ஆமா ஆமா, கத்துக்கணும். நல்லா அலுத்துப் போற அளவுக்குக் கத்துக்கணும். சீக்கிரமே வீட்டு ஞாபகம் வரணும். இது நமக்குள்ள இருக்கட்டும்."

"நமக்குள்ளதான் சார் இருக்கும்" என்றார் மேனேஜரம்மா. அந்த "நமக்குள்ள"வில் எத்தனை பேர் அடக்கம் என்று இவர் கேட்கவில்லை.

அன்றிலிருந்து சாயங்காலமானால் மனைவிக்குப் போன் செய்வது வழக்கமாயிற்று. விளைச்சல் எப்படி என்று பார்க்க வேண்டுமே!

"முதுகு வலிக்குதா?"

"வலிக்குதுங்க."

இவர் மனத்துக்குள் ஒரு குதி குதித்தார். "கை?"

"கொப்புளம்."

இன்னொரு குதி. "அடப் பாவமே. இன்னைக்கு என்ன வேலை?"

"எருக்குழிதான். தினமும் எனக்கு மட்டும் அதுதான் விழுது. என்ன ராசியோ."

"ஐயோ. மத்தவங்க எல்லாம்?"

"அவங்க நாத்து விடறாங்க. வைக்கட்டுமா? கூப்பிடறாங்க."

பின்னால் யாரோ "அக்கா!" என்று கத்திச் சிரிப்பது கேட்டது. போன் அணைந்தது. பச்சைச்சட்டைக்காரர் அணைந்த போனைக் காதில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். முதுகுவலியும் கொப்புளமுமாகவாவது இருவரும் தினமும் பேசுகிறோம் என்று தோன்றியது. பக்கத்து அறையில் இருந்தபோது பேசியதைவிட அதிகம். அந்த நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. டிவியைப் போட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள். குரல் அலுத்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை வர்றீங்களா? பை எல்லாம் கட்டி வெச்சிருக்கேன்."

"வர்றேன், வர்றேன்! நீ கவலைப்படாதே!"

பலித்துவிட்டது! சனிக்கிழமை முழுக்க வீட்டைப் பெருக்கினார், துடைத்தார். அவள் தலையணை உறையை மாற்றினார். பேப்பர் போடுகிறவனைக் கூப்பிட்டு, "ஒரு வாரம் பேப்பர் வேண்டாம்பா" என்றுகூடச் சொன்னார். அவள் வந்ததும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். கண்காட்சிக்குக்கூட அவர் இவ்வளவு ஒத்திகை பார்த்ததில்லை.

பண்ணை வாசலில் அவள் நின்றிருந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையில் தொப்பி, முகம் வெயிலில் கறுத்து மினுமினுவென்றிருந்தது. யாரோ ஒரு புது ஆள் மாதிரி இருந்தாள். காலடியில் பெரிய பை ஒன்று, வாய் இறுகக் கட்டியிருந்தது. கொஞ்சம் தள்ளி மேனேஜரம்மா நின்று, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

பச்சைச்சட்டைக்காரர் ஒத்திகை பார்த்ததை எடுத்துவிட்டார். "தோத்துட்டோம்னு நினைக்காதே. எல்லாருக்கும் இது ஒத்து வராது. முயற்சி பண்ணின பாரு, அதுவே பெரிசு. நான் ஒரு வார்த்தை சொல்லிக் காட்ட மாட்டேன்."

"சரிங்க. பையைப் பிடிங்க."

பிடித்தார். கனத்தது. தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்கவில்லை. திரும்பினார்.

"வா."

"எங்க?"

"வீட்டுக்கு."

"நான் எப்படிங்க வர முடியும்? இன்னைக்குத் தக்காளி நாத்தைப் பிடுங்கி நடணும்."

"அப்ப இந்தப் பை?"

"எருக்குழி வேலைக்கு உடுத்தின துணிங்க. மத்தவங்களுக்கு ஒண்ணு ரெண்டு அழுக்கானா எனக்கு மட்டும் அத்தனையும் நாசம். யாரோ சொல்லித்தான் எனக்கு அந்த வேலை விழுதாமே. வேலை குடுக்கச் சொன்னவர்தானே துவைக்கணும்? அதுதானே முறை?"

மேனேஜரம்மா வானத்தை இன்னும் தீவிரமாக ஆராய்ந்தார்.

பச்சைச்சட்டைக்காரர் பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். சின்னக் குரலில் கேட்டார்.

"என்கூட இருக்கப் பிடிக்கலையா?"

அவள் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள்.

"மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து, என்னைப் பாத்து, 'வாங்க, உக்காருங்க'ன்னு சொல்லி அவ்வளவு நேரம் பேசினாரே ஒருத்தர். அவரை ரொம்பப் பிடிச்சிருந்தது. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல தேடிப் பாத்தேன். வந்தது வேற ஆளு. சரி, அவரு சொன்ன இடத்துக்காவது போய்ப் பாப்போம்னு வந்துட்டேன்."

"இடம் எப்படி இருக்கு?"

"அவரு சொன்ன மாதிரியேதான் இருக்கு. காலையில போனா காத்துக்கிட்டு நிக்குது."

உள்ளேயிருந்து "அக்கா!" என்று ஒரு குரல் வந்தது. அவள் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். "போன் பண்றதை நிறுத்திடாதீங்க. ஆனா முதுகையும் கையையும் மட்டும் கேக்காதீங்க, வேற ஏதாவது பேசுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. துணி நல்லாக் காஞ்சிருக்கணும்." பூட்ஸ் சத்தம் உள்ளே போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆனால் அவர் உட்கார்ந்த இருக்கையில் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. மடியிலிருந்த பையின் வாசனை அப்படி. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட உட்காரவில்லை. அவர் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, இன்று சாயங்காலம் போனில் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கண்டக்டர் வந்து மூக்கைச் சுளித்தார். பையைப் பார்த்தார், பச்சைச் சட்டையைப் பார்த்தார்.

"எரு வாசம் தூக்குதே! விவசாயிங்களா சார்?"

"விவசாயி எங்க வீட்ல அவங்கதாங்க," என்றார் அவர். "நான் வெறும் வீட்டுக்காரர்."